மஞ்சள் வானம்

“படத்துக்கு மஞ்சக்காமாலையா, நிஹால்? வானம் ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருக்கு!”

அலெக்சாந்திரியாவின் கேமரா நிறுவன அலுவலகத்தில், ஜன்னலில்லாத அறையில் முதலாளி ஷவ்கி கத்தினார். திரையில் மொட்டைமாடிக் கேமராவின் நேரடிப் படம்.

“கேமரா வாங்குறவங்களே நிறத்தைச் சரிபண்ற ஒயிட் பேலன்ஸை மாத்திக்கிற வசதி, உஸ்தாத். கேமராவோட டிரைவர் சாஃப்ட்வேர்ல புதுசா எழுதினேன். பகல் வெளிச்சத்துக்கு வச்சிருக்கேன். படம் பொய் சொல்லல.”

“யாரு கேட்டா? நிறத்தைக் கேமராவே பாத்துக்கும். துறைமுக அதிகாரி கேமரா வாங்க வர்ற நேரத்துல மானத்தை வாங்காதே!”

மவுஸைப் பிடுங்கி ‘ஆட்டோ’வை அழுத்தினார். வானம் பளிச்சென்று வெளுத்தது.

“இதுதான் படம்!”

நிஹால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அதிகாரி ரஅஃபத் இருமிக்கொண்டே நுழைந்தார். தலை, மீசை, சட்டையெல்லாம் மணல்.

“வெளிய பாலைவனத்துக் கம்சீன் காத்து பிச்சு உதறுது!” என்றவர் திரையைப் பார்த்தார். “இது நேத்து எடுத்த படமா?”

நிஹால் எட்டி மவுஸை எடுத்தாள். ஒரே அழுத்து, வானம் மறுபடி ஆரஞ்சானது.

“அட, இதேதான்! எங்க கேமராவுல மணல் புயல்கூட மூடுபனியாத்தான் தெரியும். துறைமுகம் பூரா இதையே மாட்டுங்க, இஞ்சினியரம்மா! ஆமா, அந்த வெள்ளைப் படம் யாரோட யோசனை?”

ஷவ்கி தன் கோட்டில் இல்லாத மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.