ஒரு வாய்ப் பழங்கஞ்சி

"புளிச்ச கஞ்சியில இருக்குற கிருமிம்மா. நமக்கு ஒண்ணும் செய்யாது. இவரு, மாத்தி வச்ச கிட்னிக்காக மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைச்ச உடம்பு; ரத்தத்துல ஏறிருச்சு. அதுக்குக் கேக்குற மருந்து எதுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சோம். உயிர் பிழைச்சுக்குவாரு. ஆனா, அந்தக் கிட்னி போயிருச்சு. கஞ்சி யாரு கொடுத்தது?" என்றார் டாக்டர்.

"நானேதான் வாங்கிக் குடிச்சேன் சார்," என்றான் கட்டிலில் கிடந்த பாண்டிராஜ்.

"பாவிப்பயலே! கிட்னி கொடுத்தவ மூஞ்சில எப்படிலே முழிப்பே?" என்று அவன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவுகளை வையாதீக மதினி," என்றாள் மனைவி குருவம்மாள். "நான் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகையில குடிக்கிற கஞ்சியில ஒரு வாய் குடுன்னு கெஞ்சுனாக. மனசு கேக்கலை. நாந்தான் கொடுத்தேன்."

சொன்னவளின் கை, கிட்னி எடுத்த தன் விலாத் தழும்பை அழுத்திக்கொண்டிருந்தது.