மாற்று வேலை

காத்தாயி செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். பதினோரு வருஷம் மில் வேலைக்குப் போனவள் மறுபடியும் நடவு வயலுக்கு வந்திருந்தாள்.

"பார்த்து இறங்கு காத்தாயி. மில்லுச் சிமென்ட் களம்னு நினைச்சியா? வழுக்கும்!" என்றார் இராஜாங்கம். வரப்பில் நாற்காலி போட்டு, குடை விரித்து உட்கார்ந்திருந்தார்.

பாபநாசத்தில் இருந்த அவருடைய அரிசி மில்லில் நெல் அவித்துக் காயவைக்கும் பெண்கள் ஒன்பது பேர். போன மாதம் போனஸ் கேட்டு ஒரே ஒரு நாள் வேலைக்கு வராமல் இருந்தார்கள். மறுநாளே 'நெல் வரத்து இல்லை' என்று சொல்லி அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துவிட்டார்.

அப்படி நிறுத்தி வைத்தால் பாதிச் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். அதைப் போய்க் கேட்டவள் காத்தாயி. அதே சட்டத்தில் இராஜாங்கத்தின் வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலாளி ஐந்து மைலுக்குள் தனக்குச் சொந்தமான வேறு இடத்தில், அதே சம்பளத்துக்கு மாற்று வேலை கொடுக்கலாம். தொழிலாளி மறுத்தால் பாதிச் சம்பளம் கிடையாது.

அவர் கொடுத்த மாற்று வேலை நடவு. அதுவும் காத்தாயியின் அம்மா ராமாயி பண்ணையாளாக இருந்து முதுகு வளைந்துபோன அதே வயலில். ரோஷக்காரிகள், செத்தாலும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் கொடுத்தார்.

காத்தாயியோ, "எந்த வயல்னு நம்பர் போட்டு எழுதிக் குடுங்க ஐயா" என்று மட்டும் கேட்டாள். வாங்கிக்கொண்டு மற்ற எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒங்கம்மா நட்ட வயலு தெரியுதா? களம், யூனியன்னு எங்க சுத்தினாலும் கடைசியில இந்தச் சேத்துக்குத்தானே வந்தாகணும்?" என்றார் இராஜாங்கம்.

"தெரியுதுங்க ஐயா. மறக்குமா?"

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த நீலாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பேச்சு நமக்குத் தேவையாக்கா? பாதிச் சம்பளம் போனாப் போவுதுன்னு வீட்லயே கெடந்திருக்கலாம்."

"வரிசை கோணாம நடுடி" என்றாள் காத்தாயி. நிமிர்ந்து சாலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"என்ன, புருஷனைத் தேடுறியா? மருதையனையும் வரச்சொல்லு. நாத்து முடி தூக்கட்டும்."

"அது ஒரு சோலியாப் போயிருக்குங்க ஐயா. வந்துரும்."

கார் டிரைவர் அல்லா பிச்சை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள். "பாய், இந்த வருஷமும் நெலத்துக் கிஸ்தி ரசீது உங்க பேருக்குத்தான் வந்துச்சா?"

அவர் சட்டென்று முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். "வாடகை வீட்ல இருக்கறவனை எதுக்கும்மா வம்புல இழுக்கறே?" என்று சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. முன்னாலிருந்து நில உச்சவரம்புத் தாசில்தார் இறங்கினார். பின்னாலிருந்து குதித்த மருதையன், தலைமயிர் வரை சேறு தெறித்து நின்ற மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். அவள் 'பொறு' என்று கண்ணாலேயே சொன்னாள்.

"இது யார் வயல்?" என்றார் தாசில்தார்.

இராஜாங்கம் பதறாமல் எழுந்தார். "வாங்க சார்! நம்ம டிரைவர் அல்லா பிச்சையோடது. பன்னெண்டு ஏக்கர். பட்டா, கிஸ்தி எல்லாம் அவன் பேர்லதான். சட்டம் சொன்ன பதினஞ்சு ஏக்கருக்கு மேல எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது. இருந்தா அரசாங்கமே எடுத்துக்கட்டும்!"

"அப்ப நீங்க இங்க?"

"சும்மா, காத்தாட வந்தேன்."

காத்தாயி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து, மில் முத்திரை குத்திய ஒரு தாளை எடுத்து விரித்தாள்.

"மாற்று வேலைன்னு ஐயா கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. படிக்கட்டுங்களா சார்?"

யாருடைய பதிலுக்கும் காத்திராமல் உரக்கப் படித்தாள். "எனக்குச் சொந்தமானதும், என் அனுபவத்தில் இருப்பதுமான, சர்வே நம்பர் நூற்றுப் பதினாலு, பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை வயலில்..."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். காரோரம் நின்ற அல்லா பிச்சை, ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர்போல மூச்சு விட்டார்.

"ஏய், குடு அதை!" இராஜாங்கம் குடையை எறிந்துவிட்டு, போட்டிருந்த செருப்போடு தாளைப் பறிக்க வயலுக்குள் காலை வைத்தார்.

"பார்த்து இறங்குங்க ஐயா, வழுக்கும்" என்றாள் காத்தாயி.