ஊதாக் கை

கன்று வாலைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. வேலியில் காய்ந்த சீலையை இழுத்து விழுத்திவிட்டு மறுபடி ஓடியது.

இராசமலருக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினாள்.

"மச்சாள், வந்து பாருங்கோ! துள்ளுது!"

அமராவதி குசினி அடுப்படியை விட்டு வரவில்லை. எப்படி வருவாள்? தம்பி பெண்சாதிக்குக் கைராசி இல்லை என்று முள்ளியவளை முழுக்கச் சொல்லி வைத்தவளே அவள்தான்.

ஷெல் குண்டுக்குத் தாயை இழந்த கன்றுகள் மூன்று. மூன்றுக்கும் வாளிப்பால்தான். இராசமலர் பால் வைத்தாள். இரண்டு, வயிற்றால் போய்ச் செத்தன. அன்றிலிருந்து தன் கைக்குழந்தையை அவள் தொடக்கூட அமராவதி விடவில்லை.

மூன்றாவதற்கும் அதே பாடு. மருந்து பருக்கினால் கழிச்சல் நிற்கும், சில நாளில் திரும்பிவிடும். மிருக வைத்தியரும் கையை விரித்துவிட்டார்.

பிறகுதான், கன்றின் வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்து கைதவறிப் பால் வாளிக்குள் கொட்டுண்டது. போர்த்தடையால் ஒரு சவர்க்காரக் கட்டிகூட வன்னிக்குள் வராத காலம். வழக்கம்போல வெறும் தண்ணீரால் அலசினாள். வாளியின் மேற்பகுதி வெளுத்துவிட்டது. பால் நிற்கும் மட்டத்துக்குக் கீழே ஊதா போகவே இல்லை.

நகத்தால் சுரண்டினாள். ஊதா ஏறிய ஒரு படலம் கஞ்சியாடை போல வழுவழுவென்று உரிந்து வந்தது.

எவ்வளவு துப்புரவாகத் தெரிந்த வாளி! கன்றின் வயிற்றுக் கிருமி அதில் ஒட்டிப்பிடித்துக் குடியிருந்திருக்கிறது. அவளும் அதைப் பாலோடு பாலாகத் திரும்பத் திரும்பப் பருக்கியிருக்கிறாள்.

சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கொதிநீர் ஊற்றினாள். வெயிலில் கவிழ்த்தாள். ஒவ்வொரு நாளும், ஊதா விட்டுச் சோதித்து, அமராவதி குசினியிலிருந்து பார்க்கப் பார்க்க.

இன்று துள்ளுகிறது.

என் கை இல்லை, வாளி! ஊர் கேட்கச் சொல்லவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அமராவதி வெளியே வந்தாள். கன்றைப் பார்க்கவில்லை. இடுப்பில் பிள்ளை, கையில் அதன் பால்போத்தல். போத்தலை நீட்டினாள்.

"இதுக்குள்ளயும் அந்த ஊதாவை ஒருக்கால் விட்டுப் பாரன், பிள்ளை."

இடுப்பிலிருந்த குழந்தையின் துணி நனைந்திருந்தது. அந்த நாற்றம் இராசமலருக்குத் தெரியும். கன்றுக் கொட்டிலில் மணந்த அதே நாற்றம். எத்தனை நாளாக மறைத்தாளோ. அமராவதியின் கையைத் தவிர வேறொரு கையும் தொடாத பிள்ளை.

இராசமலர் போத்தலை வாங்கவில்லை. ஊதா இன்னும் போகாத கைகளால் முதலில் பிள்ளையை வாங்கினாள்.