ரப்பர் ஹோஸின் இரக்க குணம்

காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகியது. ஓட்டை விழுந்தது, வாட்டர் பம்போடு இணைந்திருந்த ரப்பர் ஹோஸில்தான். ஆனால் அது மூச்சுவிடவில்லை. ஓட்டையைத் தன்னை இறுக்கியிருந்த கிளிப்புக்கு அடியில் மறைத்துக்கொண்டது.

கார்க்காரர் வேதமணி ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் படுத்துப் புரண்டு, பம்புதான் ஒழுகுகிறது என்று நினைத்து, பழைய வாட்டர் பம்பைக் கழற்றிப் புதுசை மாட்டினார். ஹோஸை மட்டும் துடைத்து, திரும்பவும் அதே இடத்தில் செருகினார்.

"நான் ஒழுகவே இல்லையே அண்ணே!" என்று அழுதது பழைய பம்ப்.

"இந்தக் காலத்துல நியாயம் எங்கப்பா இருக்கு? பதினோரு வருஷம் உழைச்சே. போயிட்டு வா" என்று ஹோஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பார்த்தால், வண்டிக்கு அடியில் மறுபடியும் ஈரம். வேதமணி குனிவதற்குள் ஹோஸ் முந்திக்கொண்டு புதுப் பம்பைக் கேட்டது:

"ஏன் தம்பி, வந்த மறுநாளே இப்படியா? உனக்கு முன்னாடி இருந்தவரு எவ்வளவோ தேவலைப்பா!"