அடர்ந்த மை

2019 பிப்ரவரி 13, கனாசாவா. எழுத்துக்கலை ஆசிரியை மொரிஷிதா தொமியின் இறுதிச் சடங்கு காலை பத்து மணிக்கு.

வாசல் மேசையில், வருபவர்கள் பணம் வைத்துத் தரும் துக்க உறைகளை வாங்கிக்கொண்டிருந்த தொமியின் மருமகள் ரித்சுகோ, தொமியின் மகள் கினுயே நீட்டிய உறையைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

அதன் மேல் கினுயேயின் பெயர் கன்னங்கரேலென்று இருந்தது.

மற்ற உறைகளில் எல்லாப் பெயர்களும் வெளிறிய சாம்பல் நிறம். அதுதான் வழக்கம்: சாவுச் செய்தி கேட்டவருக்கு மைக்கட்டியை நன்றாக அரைக்க நேரமிருக்காது. அரைத்ததிலும் கண்ணீர் விழுந்திருக்கும். அடர்ந்த மை கல்யாண உறைக்கு; சாவு உறையில் இருந்தால் முன்பே எழுதி வைத்தது என்று அர்த்தம்.

"ஏம்மா, கல்யாணத்துக்கா வந்திருக்க? எப்படா போவாங்கன்னு காத்துக்கிட்டிருந்த மாதிரியில்ல இருக்கு!"

"இதையே வெச்சிடுங்க அண்ணி. தயவுசெஞ்சு."

ரித்சுகோ புது உறையையும், இதற்கென்றே கடையில் விற்கும் சாம்பல் மைப் பேனாவையும் எடுத்து வைத்தாள். கினுயே தொடவில்லை. படுக்கையில் கிடந்த தாயை வருடக்கணக்கில் தூக்கிப் புரட்டிய தோள் வலித்தது. நேற்றிரவு நன்றாகத் தூங்கிவிட்டதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

முந்தின நாள் ஒசாகாவிலிருந்து வந்த அண்ணன் யசுனொரி எட்டிப் பார்த்தார். கவிழ்ந்திருந்த உறையைத் திருப்பினார்.

"அழகா இருக்கே! உன் எழுத்து கோழி கிளறின மாதிரில்ல இருக்கும். யார்கிட்ட எழுதி வாங்கின?"

கினுயே அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு மதியம், படுக்கையில் சாய்ந்தபடி அம்மா ஒரு துக்க உறையும் தூரிகையும் கேட்டாள். "உன் கையெழுத்தோட என் சாவுக்கு வந்துடாதடி. மானம் போயிடும்."

கினுயே மை அரைத்தாள். தண்ணீராக இருக்கிறது, இன்னும் அரை, இன்னும் அரை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சவங்க ஒருத்தர்" என்றாள் கினுயே.

பணத்தைப் புது உறைக்கு மாற்றினாள். சாம்பல் மைப் பேனாவை எடுத்து, நின்றபடியே அதன் மேல் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து இடம் போதாமல் நசுங்கியது.

புது உறை மற்றவற்றோடு பீடத்துக்குப் போனது. சடங்கு பத்து மணிக்குத் தொடங்கியது.