ரிட்டர்ன்

“சார், ஒரு ரிட்டர்ன் வந்திருக்கு!”

வேன் டிரைவர் சொல்லி வாய் மூடவில்லை. பளார்! மானேஜரின் ஐந்து விரலும் அவன் கன்னத்தில் பதிந்துவிட்டன.

டிரைவரின் கையிலிருந்த அட்டைப்பெட்டி கீழே விழுந்தது. வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த பார்சல். அதைத்தான் பாவம், சொன்னான்.

பார்சல் ஆபீசே திரும்பிப் பார்த்தது.

“என் பொண்ணைப் பத்தி என் முன்னாலேயே கிண்டலா?”

“ஐயோ, உங்க பொண்ணை யாரு சார் சொன்னா? நான் பெட்டியைச் சொன்னேன்!”

மானேஜர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். அறைந்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

“இனிமே இந்த ஆபீஸ்ல எவனும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது!”

“அப்போ திரும்பி வர்ற பெட்டியை என்னன்னு சார் சொல்றது?” என்று கேட்டுவிட்டு டிரைவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே வெளியே போனான்.

மனுஷனையும் குறை சொல்ல முடியாது. நாலு நாளைக்கு முன்னால்தான் ஒரே மகள் ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். இடது கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. கட்டினவன் கைங்கரியம். “இனி நீ அந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம்மா” என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். அவளோ அறையை விட்டு வெளியே வரவில்லை. சன்னலைக்கூடத் திறக்கவில்லை.

புக்கிங் கவுன்டர் அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இங்கே பதினெட்டு வருஷ சர்வீஸ். அவளும் ஒரு காலத்தில் புருஷன் வேண்டாமென்று வந்துவிட்டவள்தான்.

“குடிங்க சார். டிரைவர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“வயிறு எரியுதும்மா. வாழப் போன பொண்ணு திரும்பி வந்தா ரிட்டர்னாம். ஊரே அப்படித்தான் பேசுது.”

“இப்போ எல்லாத்துக்கும் அதுதான் சார். பரீட்சையில கோட்டை விட்டவனும் ரிட்டர்ன், வேலை போனவனும் ரிட்டர்ன். முன்னெல்லாம் பெட்டிக்கு மட்டும்தான் அந்தப் பேரு.”

“பெட்டியோட பேரை எந்தப் படுபாவி முதல்ல மனுஷிக்கு வெச்சான்? அவன் நாக்கு அழுகிப்போகணும்!”

அந்த அம்மாள் டம்ளரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

“அப்படியெல்லாம் சாபம் விடாதீங்க சார்.”

“ஏன், உனக்குத் தெரியுமா அவனை?”

“யாரோ சார். எனக்கு ஞாபகமில்ல.”

சொல்லிவிட்டுத் தன் கவுன்டருக்குப் போய்விட்டாள்.

மானேஜரின் போன் அடித்தது. மகள்.

“அப்பா, பஸ் ஏறிட்டேன்.”

“பஸ்ஸா? எங்கேம்மா?”

“அவர் வீட்டுக்கு.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“பைத்தியமா உனக்கு? கொன்னே போட்டுருவான்! முதல்ல எறங்கு! எவ என்ன சொன்னான்னு சொல்லு, நாக்கை அறுத்துடறேன்!”

“யாரும் ஒண்ணும் சொல்லலைப்பா. இன்னிக்குத்தான் சன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே ஏதோ பேசிச் சிரிச்சாங்க. அவ்வளவுதான்.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அதுக்காக எவனாவது சாகப் போவானா?”



“நான் அஞ்சாவது படிக்கறப்போ, சாப்பிட உக்காந்ததும் ‘எங்க ஆபீஸ் ரிட்டர்ன் இன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா’ன்னு ஆரம்பிப்பீங்களே அப்பா. அந்தப் புக்கிங் ஆன்ட்டியைப் பத்தி. ‘நான் வெச்ச பேரு, இப்போ எல்லா ஆபீஸ்லயும் சொல்றாங்க’ன்னு அம்மாகிட்ட பெருமை வேற.”

மானேஜர் தலையைத் திருப்பினார். கவுன்டரில் அந்த அம்மாள் யாருக்கோ ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்கப்பான்னு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், ஞாபகமிருக்கா? அந்தச் சிரிப்புக்கு அவரோட அடியே தேவலைப்பா.”