தவிசாளரின் கட்டளை

பூமாலை கட்டிய படகோடு வாவிக்கரையில் அமைச்சருக்காகக் காத்திருந்தான் நாகமணி. அக்கரை ஊரில் பாலத்துக்கு அடிக்கல் வைக்க அமைச்சர் வருகிறார். அந்த ஊருக்கு இருப்பது இந்த ஒரு படகுதான். ஆஸ்பத்திரி இக்கரையில்.

சந்தைக்கு வந்து திரும்பமுடியாமல் நின்ற கண்ணகை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“தம்பி, அங்கால ஆரோ துண்டை வீசிக் கூப்பிடுறாங்க. பக்கத்துல பாயில ஒரு ஆளைக் கிடத்தியிருக்கு. கடும் வருத்தம் போல. ஒருக்காப் போய் ஏத்திட்டு வாவன்.”

“ஏலாதக்கா. அமைச்சர் வருமட்டும் படகை எடுக்கப்படாது, போனையும் நிப்பாட்டி வைக்கட்டாம். பிரதேச சபைத் தவிசாளர்ட கட்டளை. மீறினா என்ட வேலை போயிரும்.”

“சனத்துக்குத்தானே மனே படகு?”

அவன் குனிந்து படகின் பூமாலையைச் சரிசெய்தான்.

அக்கரையில் துண்டு வீசுவது நின்று வெகுநேரம் கழித்தே அமைச்சர் வந்தார். “சனம் நல்லா இருந்தாத்தான் எங்களுக்குப் பதவிக் கதிரை” என்று படகில் கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டார்.

அக்கரையில் மேளம் அடிக்கவில்லை. மாலைகளோடு வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

“எங்க தவிசாளர்?” என்று கேட்டபடி அமைச்சர் இறங்கினார்.

இறந்துபோன மனைவியின் தலையை மடியில் வைத்தபடி ஒருவர் மணலில் இருந்தார்.

நாகமணி அவர் முன்னால் போய் நின்றான். “சேர்... நீங்க சொன்னபடிதான் நான்...”

தவிசாளர் நிமிரவில்லை.

“ஓம் தம்பி. நான் சொன்னதைத்தான் நீ செஞ்சிருக்காய்.”